தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கனகலிங்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, வேலை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. அரசாங்கக் கருவூலத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த மனிதர். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் ஒருமுறை படித்தால் போதும், கமா புள்ளி உட்பட மனதில் ஏறிவிடும். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு யார் சுற்றறிக்கை அனுப்பப் போகிறார்கள்? காலையில் பேப்பர், மாலையில் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் என்று வாடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மகன் யோகநாதன் ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் பண்ணத் தொடங்கினான்.

யோகநாதன் ஒரே பிள்ளை. மலாய் நாட்டுக் கிழக்குக் கரையில் திரெங்கானுவுக்கு அப்பால், படகில் போய்ச் சேரவேண்டிய தீவு ஒன்றில், வெள்ளைக்காரர்கள் வந்து வெயிலில் கிடக்கும் ரிசோர்ட்டில் அவனுக்கு வேலை. ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, படகு எஞ்சின் எல்லாம் அவன் பொறுப்பு. போன புதிதில் ஒரு தீபாவளிக்கு வந்தான். அதற்குப் பிறகு வரவில்லை. ரிசோர்ட் மூடிக்கிடக்கும் மழைக்காலத்தில்தான் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்ட முடியும் என்றான். தாய் நேசம்மா சுட்டு வைத்த பலகாரம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வயிற்றுக்குப் போனது.

இந்த வருடம் அவனே கூப்பிட்டான். "கடல் கொந்தளிக்க முந்தி ரெண்டு பேரும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அப்பா" என்றான். நேசம்மாவுக்கு அன்றைக்கே கால் தரையில் நிற்கவில்லை. கனகலிங்கமோ, "அங்க போறதெண்டால் என்னென்ன ஒழுங்குமுறை? அதைச் சொல்லு முதல்" என்று கேட்டார். அது முழுக்க முழுக்க முஸ்லிம் தீவு. போகிற இடத்தில் தப்பாக நடந்து பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்பது அவர் கவலை. மகன் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டாகச் சொல்கிறேன் என்றான். சாமான் வாங்கக் கரைக்கு வருகிற நாள் ஞாயிறு. அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள் என்பதே அவர் கற்ற முதல் பாடம்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்தில் எந்த வேலையும் ஏவக்கூடாது. பிராந்திப் போத்தல் கூடாது. "வாய்வுக்கு ஒரு மூடி குடிக்கிறதும் கூடாதோ?" என்று கேட்டுப் பார்த்தார், கூடாது என்றுவிட்டான். பன்றி இறைச்சி டின் எதுவும் பையில் வரக்கூடாது. வெள்ளைக்காரப் பெண்கள் கடற்கரையில் எப்படித் திரிந்தாலும் சரி, அம்மா கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குள் நடக்கும்போது கை நீண்ட ரவிக்கையாகப் போட்டுக்கொள்வது நல்லது. எதையும் சுட்டுவிரலால் காட்டாமல், மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்ட வேண்டும்.

கனகலிங்கம் இதை வீட்டிலேயே பழகத் தொடங்கினார். உப்புச் சாடியைக் கட்டைவிரலால் காட்டினார். "வாயால கேட்டால் குறைஞ்சு போவீங்களோ?" என்றாள் நேசம்மா. கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேரைப் பிடித்து வைத்து, மலாய்க்காரர் வீட்டுக்குப் போனால் எப்படிக் கைகொடுப்பது என்று வகுப்பெடுத்தார். இறுக்கிப் பிடித்துக் குலுக்கக் கூடாது. இரண்டு கையாலும் மெல்லத் தொட்டு, தன் நெஞ்சில் வைக்க வேண்டும். பெண்களிடம் நாமாகக் கை நீட்டக் கூடாது. கேட்டவர்கள் கொட்டாவியை விழுங்கினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டான் மகன் என்று ஒருவர் முணுமுணுத்ததும் அவர் காதில் விழுந்தது. பொறாமை என்று விட்டுவிட்டார்.

பாடங்கள் நாளாக ஆக நுணுக்கமாகின. உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி, படியில் தண்ணீர் இருந்தால் காலைக் கழுவிவிட்டு ஏற வேண்டும். தரையில்தான் உட்கார வைப்பார்கள். பாதம் பெரியவர்களைப் பார்த்து நீண்டிருக்கக் கூடாது. கொண்டுவந்து வைக்கிற பலகாரத்தைச் சாப்பிட முடியாவிட்டாலும் பரவாயில்லை, வலக்கை விரலால் தட்டை ஒருமுறை தொட வேண்டும். வேண்டாம் என்று கையை ஆட்டினால் வீட்டாருக்கு மனம் நோகும். "பார் நேசம், என்ன நாகரிகம்!" என்று வியந்தார் கனகலிங்கம். ஹோட்டலுக்குப் போகிறவனுக்கு இவ்வளவு எதற்கு என்று அந்தக் கெட்டிக்கார மூளை ஒரு தரமும் கேட்கவில்லை.

அதைக் கேட்டது கௌஸ்.

கௌஸுக்குப் பிரிக்பீல்ட்ஸ் மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை. கடையநல்லூர்க்காரர், கல்லாவில் உட்காரப் பொறுமை இல்லாமல் தேநீர் இழுத்து ஆற்றும் இடத்திலேயே நிற்பார். கனகலிங்கத்துக்குக் காலை பத்து மணித் தேநீர் அவர் கையால்தான், வருடக்கணக்காக. வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற கனகலிங்கம், அந்தக் கடையில் கால் வைத்ததும் பாதி கடையநல்லூர்க்காரர் ஆகிவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டமில்லை. "என்ன கிராணியாரே, தீவுப் பாடம் எதுவர போயிருக்கு?" என்றார் கௌஸ்.

கனகலிங்கம் ஆரம்பத்திலிருந்து ஒப்பித்தார். கௌஸ் தலையாட்டிக்கொண்டே வந்தார். "எல்லாம் கரெக்ட்தான் லா. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கே இவ்வளவு தெரியாது. பையன் நல்லாக் கத்துக்கிட்டான்."

"நேத்துச் சொன்னதக் கேளும். வீட்டுல பச்சப் பிள்ளை இருந்தா, நல்ல பாரமா இருக்கு, கொழுகொழுன்னு இருக்குன்னெல்லாம் சொல்லிடக் கூடாதாம். எங்க ஆளுங்களும் நாவூறு படும்னு சொல்றதுதானே, அது புரியுது. இன்னொண்ணு. பிள்ளையைத் தூக்கத் தந்தா, பழக்கமில்ல, பயமா இருக்குன்னு சொல்லித் திருப்பிக் குடுத்திடாதீங்கப்பா, ரெண்டு பேரும் ஒருவாட்டி மடியில வச்சுக்குங்கன்னு சொன்னான்."

கௌஸின் கை உயரத்தில் நின்றது. தேநீர் கொஞ்சம் வெளியில் சிந்தியது.

"ரிசோர்ட்டுக்கு வர்ற கெஸ்ட்டு மடியில யாரு கிராணியாரே பிள்ளையக் குடுப்பா?"

"கம்பத்துப் பக்கம் போனா…"

"கம்பத்துல மட்டும், வழியில போறவன் கையில பச்சப் பிள்ளையக் குடுப்பாங்களா? தாத்தா பாட்டி மடியிலதான் லா வைப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கௌஸுக்குத் தான் சொன்னது என்னவென்று விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கனகலிங்கம் பாடங்களை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். செருப்பு, கால் கழுவுவது, தரையில் உட்காருவது, தட்டைத் தொடுவது, பிள்ளை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மகன் அவருக்குச் சுற்றுலாப் பாடம் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்கு எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறான் என்றால் மதம் மாறாமல் எடுத்திருக்க முடியாது. இந்த நாட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாததல்ல.

"மாசோக் ஆயிட்டான், அவங்க மதத்துல சேந்துட்டான்" என்றார் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லாமல், "உங்க ஆளுங்களுக்கு இதே வேலையாப் போச்சு" என்றார்.

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கௌஸின் முகம் சிவந்தது. அவரும் மனிதர்தானே, வலித்தது. ஆனாலும் சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டு, கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒங்க பையன்கிட்டப் பேச வேண்டியதுக்கு என்னத் திட்டுறீங்க. பரவால்ல, திட்டுங்க. ஆனா அவன் ஒங்ககிட்டப் பொய் சொல்லல கிராணியாரே. இத்தன வாரமா உண்மையத்தான் சொல்லிக்கிட்டு வந்திருக்கான்."

கனகலிங்கம் தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

வீட்டில் நேசம்மா பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். தீவுக்குக் கொண்டுபோக நெய்யில் சுட்டால் நாள்பட இருக்குமா, எண்ணெயிலா என்று கேட்டாள். எதிலென்றாலும் சுடு என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். போகாமலே விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தார். கடல் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மழை வந்துவிடும், ரிசோர்ட் மூடிவிடும். மகன் புரிந்துகொள்வான், பிறகு கூப்பிடவே மாட்டான். அத்தோடு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். அப்படிச் சாத்துவது எப்படி என்று கனகலிங்கத்துக்குத் தெரியும். முன்பொரு தரம் சாத்தியிருக்கிறார்.

பாலசுந்தரம் அவரோடு கருவூலத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர். அவருடைய மகள் ஒரு மலாய் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போன பிறகு, கோயில் அன்னதானத்தில் பாலசுந்தரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கனகலிங்கம் தன் இலையை எடுத்துக்கொண்டு எழும்பி வேறு வரிசைக்குப் போனார். அவர் எழும்ப, பக்கத்தில் இருந்த யோகநாதனும் இலையைத் தூக்கிக்கொண்டு எழும்ப வேண்டியதாயிற்று. அவனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. பாலசுந்தரம் கொஞ்ச நாளில் வீட்டை விற்றுக் கிள்ளானுக்குப் போய்விட்டார். போனது நல்லது என்று அப்போது கனகலிங்கம் சொன்னார், சத்தமாகவே சொன்னார்.

மகன் ஏன் நேரே சொல்லவில்லை என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை கிள்ளான் பஸ் ஏறினார். நேசம்மாவிடம் பென்ஷன் விஷயம் என்று சொன்னார். விலாசம் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது பாலசுந்தரம் வாசல் கேட்டுக்கு உள்ளே குரோட்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வந்திருப்பது யாரென்று பார்த்த பிறகும் ஒரு செடிக்கு ஊற்றி முடித்தார். அதன் பிறகுதான் கேட்டைத் திறந்தார்.

"ஆரும் செத்துப் போச்சினமோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப ஏன் வந்தனீர்?"

கனகலிங்கம் வழியில் அழகாக ஒரு பேச்சுத் தயாரித்திருந்தார். அதை அப்படியே விட்டுவிட்டார். "என்ர பொடியனும் மாறிட்டான். பிள்ளையும் இருக்குப் போல. அங்க போறதோ விடுறதோ தெரியேல்லை. போனாலும் அந்த வீட்டுக்குள்ள எப்பிடிப் போறதெண்டு தெரியேல்லை" என்றார்.

பாலசுந்தரம் சிரித்தார். அன்பான சிரிப்பல்ல, பல வருடம் ஊறிய சிரிப்பு. ஆனால் உள்ளே வாரும் என்றார். மனைவி சந்தைக்குப் போயிருந்தார். கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு அறை அலுமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள், புதுச்சட்டிகள், கரண்டிகள், எல்லாம் தனியாக.

"மகளின்ர ஆக்கள் வந்தால் சமைக்கிறதுக்கும் சாப்பிடுறதுக்கும் இது. கோழியும் அவையின்ர ஹலால் கடையில வாங்குவம். வேற ஒரு வித்தையும் இல்லை. எங்களுக்காக அவை தட்டைத் தொடுறதும், அவைக்காக நாங்கள் தட்டை வேற வைக்கிறதும்தான்."

"நல்ல விஷயம்" என்றார் கனகலிங்கம்.

"இருமன், கேளும். இதை வாங்க எனக்கு எத்தினை வருசம் எடுத்தது தெரியுமே? அவள் வரட்டோ வரட்டோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள். நான் வேண்டாம் எண்டனான். ஆருக்குப் பயந்து? கடவுளுக்கில்லை. உமக்கு! நீர் இலையைத் தூக்கிக்கொண்டு எழும்பினீரே, அந்த எழும்பலுக்கு. என்ர மூத்த பேரன் நடக்கத் தொடங்கினதை நான் பாக்கேல்லை."

கனகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டில் அவருக்கு வேறு எங்கும் பார்க்க இடமில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. "பிழைதான் பாலா" என்றார். பாலசுந்தரம் அதைக் கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை, கேட்காததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் இரண்டு கோப்பையில் கோப்பி கொண்டுவந்தார்.

கோப்பி குடிக்கும்போது கொஞ்சம் இளகினார். "முதல் தரம் சம்பந்தி வீட்டுக்குப் போய் நான் விட்ட பிழை ஒண்டு இருக்கு. சனம் நிறைய இருந்தது, எல்லாரும் என்ர மகளைப் புதுப்பேரில கூப்பிடினம். நான் மட்டும் பழைய பேரில, அதுவும் உரத்து, நாலைஞ்சு தரம் கூப்பிட்டன். வேணுமெண்டுதான். அவளின்ர தலை குனிஞ்சது மட்டும் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கனகலிங்கத்துக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் மேல் கோபம் தணியவில்லை. தன் மேல் இன்னொரு கோபம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். கூட நேசம்மாவின் நினைப்பும். அவளிடம் எப்படிச் சொல்வது? வெள்ளியும் சனியும் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மணி அடித்தது. நேசம்மா குசினியில் மா பிசைந்துகொண்டிருந்தாள். கனகலிங்கம் போய் எடுத்தார். கரைப்பட்டினத்துப் பொதுத் தொலைபேசி, காசு விழும் சத்தம் கேட்டது.

"அப்பா, இந்த முறை படகு விஷயம். ஏற முந்தி வயிறு முட்டச் சாப்பிடாதேங்கோ. தலைச்சுத்துக் குளிசை…"

"தம்பி, கொஞ்சம் பொறு. நான் ஒண்டு கேக்கிறன். நீ எல்லாம் சொல்லித் தந்தனி, இதை மட்டும் சொல்லித் தரேல்லை. அந்த வீட்டில, அந்தப் பெரியவைக்கு முன்னால, உன்னை நான் என்ன பேரில கூப்பிடோணும்?"

மறுபக்கம் லோரி ஒன்று போகிற சத்தம் வந்தது. பிறகு மூச்சு இழுக்கிற சத்தம்.

"அப்பா…"

"அழாதை. ஆக்கள் பாக்கப் போகினம். பேரைச் சொல்லு."

"யூசுப் எண்டு கூப்பிடுவினம் அப்பா. நான் சொல்லத்தான் நினைச்சனான். ஒவ்வொரு கிழமையும் சொல்லத்தான் காசைப் போடுறனான். வாய் வரேல்லை… கோவமோ அப்பா?"

"கோவம்தான். இல்லையெண்டு சொன்னால் பொய். நிறையக் கோவம் கிடக்கு. அதை இஞ்ச வைச்சிட்டு வர என்னால ஏலாது, கொண்டுதான் வருவன். ஆனால் வருவன். யூசுப். சரி. ஞாபகம் வைச்சுக்கொள்ளுறன்."

குசினி வாசலில் நேசம்மா நின்றாள். கையெல்லாம் மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ஆரப்பா அது? ஆர் யூசுப்?"

கனகலிங்கம் எத்தனையோ சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதியவர். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சுற்றிவளைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர். இதற்குச் சுற்றிவளைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"உம்மட மகன்" என்றார். "முஸ்லிமா மாறி, அந்தத் தீவிலயே கலியாணமும் கட்டிட்டான் நேசம். பிள்ளையும் இருக்கு. எங்களுக்குச் சொல்லப் பயத்தில இருந்திருக்கிறான்."

நேசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் மா ஒட்டியது. அவள் அலறுவாள், மயங்கி விழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்றெல்லாம் இந்த ஒரு வாரமாக அவர் பயந்துகொண்டிருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. கையைச் சேலையில் துடைத்தாள், விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு நடந்து வந்து, அவர் கையிலிருந்த ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

"தம்பி," என்றாள். "அப்பாக்குப் பயந்தது சரி. எனக்குமோடா பயந்தனி?"